டெல்டாவில் ஒரு நாள்: மானும் அலையாத்தியும் கடலும் உண்டு, நீர்முகமூடி மட்டும் வேண்டாம்

உங்கள் மச்சினர் குடும்பம் தாய்லாந்து போய் வந்த கதையை எழுதியிருந்தீர்கள். புக்கெட்டில் காலையில் படகேறி, ஒரு தீவில் குரங்கு பார்த்து, மணலில் பிள்ளைகளை விளையாட விட்டு, முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு பவளப்பாறை மீன்களைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே அறைக்குத் திரும்பியிருக்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து கிளம்பி, காவிரி டெல்டாவுக்குள்ளேயே அப்படி ஒரு நாளைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா என்பது உங்கள் கேள்வி. கூட வருவது எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா.

முடியும். காட்டு விலங்கு உண்டு. தீவு என்று கறாராகச் சொல்ல முடியாவிட்டாலும் தீவுக்கு ஒப்பான இடம் உண்டு. படகு, கடற்கரை எல்லாம் உண்டு. தண்ணீருக்கு அடியில் பார்ப்பதை மட்டும் இந்த நாளிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் கடலில் அது நடக்காது. அதன் காரணம் தெரிந்தால்தான் மற்றவற்றை எப்படிப் பார்ப்பது என்பதும் தெரியும். அதனால் முதலில் அதையே சொல்கிறேன்.

எங்கள் வீடு வேதாரண்யம் தாலுகாவில். சில வருஷங்களுக்கு முன்னால் என் அண்ணன் பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்கு வந்தபோது, சென்னையில் வாங்கிய முகமூடியைக் கொண்டுவந்திருந்தார்கள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, அலை கொஞ்சம் அடங்கியிருந்த ஒரு காலையில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தலையை அமிழ்த்தினார்கள். பெரியவன் கையை முன்னால் நீட்டிப் பார்த்தான், விரல் தெரியவில்லை. தேத்தண்ணீருக்குள் கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது என்றான். ஏமாற்றத்தில் அவன் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அதற்கப்புறம் வருகிற யாருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

காவிரியும் கொள்ளிடமும் அவற்றிலிருந்து பிரிகிற அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு எல்லாமும் கடைசியில் கடலுக்குத்தான் வருகின்றன. வயலில் நெல்லை விளைவித்த அதே வண்டல் கடலோரத்திலும் வந்து படிகிறது. களிமண் துகள் மிக நுண்ணியது, சீக்கிரம் அடியில் தங்காது. தங்கினாலும், ஆழமில்லாத கடலில் கொஞ்சம் காற்றடித்தால் மறுபடி கிளம்பிவிடும். பவளப்பூச்சியின் உடலுக்குள் வாழ்கிற பாசிக்கு வெயில் வேண்டும். பவளம் உட்கார்ந்து வளரக் கெட்டியான தரை வேண்டும், உப்பு குறையாத தெளிந்த நீரும் வேண்டும். ஆற்று முகத்துவாரத்தில் மூன்றும் கிடைக்காது. ஆறு எங்கே கடலில் விழுகிறதோ அங்கே பவளப்பாறை இருக்காது. இது நம் ஊருக்கு மட்டுமான குறை இல்லை. புக்கெட்டை ஒட்டிய பாங் ங்கா விரிகுடாவிலும் அலையாத்திக் காடும் கலங்கல் தண்ணீரும்தான். அங்கிருந்து முகமூடி மாட்டிப் பார்க்கப் போகிற படகுகள், அந்தக் கலங்கலைத் தாண்டிச் சுண்ணாம்புப் பாறைத் தீவுகளான பீ பீ போன்ற இடங்களுக்குத்தான் போகின்றன.

ஆக, நீங்கள் பார்க்கப் போவது சேற்றின் நாடு. பூநாரை வருவது இந்தச் சேற்றுக்காக. அலையாத்தி நிற்பது இந்தச் சேற்றில். இறாலும் நண்டும் குஞ்சு வளர்ப்பதும் இங்கேதான். பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள்.

இனி வழி. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை. திரும்பும்போது திருத்துறைப்பூண்டி வரை அதே சாலை, அங்கிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மனோரா, பட்டுக்கோட்டை, தஞ்சாவூர். ஒரு வட்டமாக அமையும். விடிகாலை நாலு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். இது கண்டிப்பு. மான் பார்க்கிற இடத்துக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வெயிலையும் வேலிக்காத்தான் புதரையும்தான் பார்க்க முடியும்.

போகிற வழியில் அகஸ்தியம்பள்ளி வரும். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய இடம் அது. ஏப்ரல் 13-ல் கிளம்பியவர்கள் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகத்தான் வந்தார்கள். நீங்கள் காரில் வருகிற அதே தடம். ஏப்ரல் 30-ல் உப்பை எடுத்தார்கள். அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. எட்டாவது படிக்கிற பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தில் வருகிற விஷயம் என்பதால் ஐந்து நிமிஷம் நிறுத்தலாம். ஆனால் காலையில் வேண்டாம், திரும்பி வரும்போது நிறுத்துங்கள். தை மாசத்துக்கு மேல் வந்தால் சாலையின் இருபுறமும் உப்பளங்களில் பாத்தி பாத்தியாக வேலை நடப்பதையும் பார்க்கலாம்.

கோடியக்கரையை வரைபடத்தில் பாருங்கள். வடக்கே இருந்து நேராக இறங்கி வருகிற சோழமண்டலக் கரை, இந்த இடத்தில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, மற்ற பக்கத்தில் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. சாலை இல்லாவிட்டால் இது தீவுதான். கோடி என்றால் ஓரம், முனை. பெயரிலேயே இடம் இருக்கிறது. கல்லணையை ஒரு முனையாகவும் கொள்ளிடம் கடலில் கலக்கிற இடத்தை இன்னொரு முனையாகவும் வைத்துக் கோடு இழுத்தால், டெல்டா முக்கோணத்தின் மூன்றாவது முனை இது.

1967-ல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். முக்கியக் காரணம் வெளிமான். நம்மில் நிறையப் பேர் பார்த்திருப்பது புள்ளிமான்; பூங்காக்களில் கூட்டமாக நிற்பது. வெளிமான் வேறு. பெயருக்கு ஏற்றபடி வெளியில், திறந்த புல்வெளியில், வாழ்கிறது. வளர்ந்த கிடா முதுகெல்லாம் கறுத்து, வயிறு வெளுத்து, முறுக்கு முறுக்கான கொம்போடு நிற்கும். பெட்டைக்குக் கொம்பு கிடையாது, நிறம் வெளிர் பழுப்பு. புலியும் சிறுத்தையும் இல்லாத காட்டில்கூட அது ஓடுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். மிரண்டால் ஓடுவதற்கு முன்னால் நின்ற இடத்திலிருந்தே நேராக மேலே துள்ளும். ஒன்று துள்ளினால் மந்தையே துள்ளும். உங்கள் ஐந்தாவது படிக்கிற பிள்ளை வாழ்நாளுக்கும் வைத்துக்கொள்ளப் போவது அந்தக் காட்சியைத்தான். அதற்காக வண்டியை விரட்டித் துள்ள வைத்துவிடாதீர்கள். சினைப் பெட்டை இருக்கும், குட்டி இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் அவை மெதுவாக மேய்ந்துகொண்டு நம் பக்கமே வரும்.

மானுக்கு இங்கே பெரிய எதிரி வேலிக்காத்தான். சீமைக்கருவேலம் என்று மற்ற ஊர்களில் சொல்வது. புல்வெளிக்குள் அது புகுந்தால் வெளி மூடிவிடும். வெளி மூடினால் வெளிமானுக்கு இடமில்லை. புல்லை நம்பி வாழ்கிற இன்னொரு கூட்டம் மட்டக்குதிரைகள். எப்போதோ யாரோ வளர்த்து விட்டவற்றின் வம்சம் காட்டுக் குதிரையாகிவிட்டது. சதுப்பு ஓரத்தில் வரிசையாக நடந்து போவதைப் பார்த்தால் பிள்ளைகள் கத்தத்தான் செய்வார்கள். கொஞ்சம் அடக்கி வையுங்கள். நரி, காட்டுப்பன்றி, முயல், புள்ளிமான், குரங்கு எல்லாம் உண்டு. குரங்குக்கு எதையும் கொடுக்க வேண்டாம். ஒரு தடவை கொடுத்தால் அடுத்து வருகிற வண்டியில் ஏறிப் பையைப் பிடுங்கும்.

மானோடு நிறுத்திவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். காட்டையும் பாருங்கள். இது மலையில் இருக்கிற மாதிரிக் காடு இல்லை. மழை கொஞ்சம், வெயில் நிறைய, மண்ணில் உப்புக்காற்று. ஆனாலும் இலை உதிர்க்காத காடு. உலர் பசுமைமாறாக் காடு என்று சொல்வார்கள். சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் இருந்தது. இப்போது கோயில் காடுகளிலும் இங்குமாகத் துண்டுதுண்டாக மிஞ்சியிருக்கிறது. பாலை மரங்களின் அடிமரத்தைத் தொட்டுப் பாருங்கள், இரும்பு மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் விடியும் நேரத்தில் உலர்ந்த இலைகளுக்கு நடுவில் இரண்டு சொல் சேர்ந்த சீழ்க்கை கேட்டால் அது ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். பச்சை, நீலம், சிவப்பு என்று உடம்பில் இத்தனை நிறம் வைத்துக்கொண்டு தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்.

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் இந்த வேதாரண்யம் பக்கம்தான் கரை கடந்தது. எங்கள் வீட்டுக் கூரை பறந்ததைவிட, மறுநாள் இந்தக் காட்டைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பெரிய பெரிய மரங்கள் வேரோடு கிடந்தன, நின்றவற்றில் ஓர் இலை இல்லை. மான்களும் குதிரைகளும் செத்தன. இப்போது போனால் பசுமை திரும்பியிருப்பது தெரியும். ஆனால் உயரமான மரங்கள் ஏன் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கின்றன என்று பிள்ளைகள் கேட்டால் காரணம் அதுதான். ஊரார் சோழர் காலத்தது என்று சொல்லி வந்த கலங்கரை விளக்கத்தின் மிச்சமும் இந்தக் கரையில்தான் இருந்தது. 2004 சுனாமியில் அது போய்விட்டது.

அடுத்தது பறவை. கார்த்திகைக்கு மேல் மாசி வரைக்கும் வந்தால், பெருஞ்சதுப்பில் பூநாரை நிற்கும். முதலில் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மாதிரித்தான் தெரியும். அதில் ஒரு பகுதி எழும்பிப் பறக்கும்போது இறக்கைக்கு அடியிலிருக்கிற சிவப்பு விரியும். அது சாப்பிடுகிற விதத்தைத் தொலைநோக்கியில் காட்டுங்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலிருக்கிற சல்லடையில் சின்னச் சின்ன உயிர்கள் தங்கிவிடும். உடம்பின் சிவப்பே அந்த இரையிலிருந்து வருவதுதான். கூடவே கூழைக்கடா, கரண்டிவாயன், ஊசிவால் வாத்து, ஆலா, எண்ண முடியாத உள்ளான்கள். உள்ளான் என்பது நம் பக்கத்தில் ஒருகாலத்தில் கண்ணி வைத்துப் பிடித்துக் கூடையில் விற்ற பறவை. அந்தச் சின்ன உடம்பு சைபீரியா வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது என்பது விற்றவர்களுக்கும் தெரியாது, வாங்கித் தின்றவர்களுக்கும் தெரியாது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி அனுப்பி ஆராய்கிறது. பறவை ஆய்வாளர் சாலிம் அலி இந்தச் சதுப்பில் நடந்திருக்கிறார். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2002-ல் இந்தச் சதுப்பு சேர்ந்தது, தமிழ்நாட்டில் முதலாவதாக.

பூநாரையைப் பார்க்கிற அன்றைக்கு அவை எங்கே நிற்கின்றன என்பது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. மழை அதிகமானால் ஆழம் கூடும், அவை நகர்ந்துவிடும். முந்தைய நாளே கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில் பேசிக்கொள்ளுங்கள். அனுமதி, நுழைவுக் கட்டணம், வண்டி எந்தத் தடத்தில் போகலாம் என்பது எல்லாவற்றையும் அங்கே கேட்டுவிடலாம். கூட ஒரு வனக்காப்பாளரோ வழிகாட்டியோ வந்தால் மறுக்காதீர்கள். அவர் கண்ணுக்குத் தெரிவதில் பாதி நம் கண்ணுக்குத் தெரியாது.

கடற்கரை இங்கேயே இருக்கிறது. ஆனால் குளிக்க வேண்டாம், நடந்து பாருங்கள். ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும் மற்ற ஊர் மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். காலையில் படகு கரை சேர்கிற நேரமாக இருந்தால் காலா, வாவல், நண்டு என்று ஏலம் நடக்கும். தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரை இது. மீனவர்கள் வைத்த பெயரே காலத்தைச் சொல்லிவிடுகிறது. முட்டைகளை வனத்துறை எடுத்து வேலியிட்ட மணலில் புதைத்து வைத்து, குஞ்சு வெளியே வந்ததும் கடலில் விடுகிறார்கள். மாசிக் கடைசிக்கு மேல் வருவதாக இருந்தால் அதைப் பற்றியும் சரகத்தில் கேட்டு வையுங்கள். கரையில் செத்த ஆமை ஒதுங்கிக் கிடப்பதையும் பார்க்க நேரலாம். வலையில் மாட்டி, மேலே வந்து மூச்சு விட முடியாமல் செத்தது என்று பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்பதரைக்குள் கிளம்பி வேதாரண்யத்தில் பலகாரம் முடித்துக்கொண்டு, முத்துப்பேட்டைக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா காரிலேயே ஒரு தூக்கம் போடட்டும்.

முத்துப்பேட்டையில் படகுத்துறை ஜாம்பவானோடையில். வனத்துறைப் படகு கோரையாற்றில் இறங்கி, லகூன் என்கிற கடலோர உப்பங்கழிக்குப் போகும். வார நாளில் கூட்டம் குறைவு. ஞாயிறு என்றால் முன்பே சொல்லி வைப்பது நல்லது. உயிர்காப்பு அங்கியை அம்மா உட்பட எல்லோரும் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆழமில்லை, லகூனில் பல இடத்தில் ஆளுயரம்கூட இருக்காது. ஆனால் அடியில் இருப்பது சேறு. காலை வைத்தால் தொடை வரை இறங்கும், இழுத்தெடுக்க முடியாது. ஆழமில்லாத தண்ணீர் என்று அசட்டையாக இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து.

முதலில் ஆற்றின் இரண்டு கரையிலும் சுவர் மாதிரி மரம். போகப்போக ஆறு விரிந்து, ஒரு திருப்பத்தில் கரையே காணாமல் போய்த் தண்ணீரும் வானமும் மட்டும் இருக்கும். அலையாத்தி என்ற சொல்லை யார் வைத்தார்களோ, அலையை ஆற்றுகிறது என்று ஒரே சொல்லில் அதன் வேலையைச் சொல்லிவிட்டார்கள். இங்கே பெரும்பாலும் வெண்கண்டல்தான். படகை ஓரம் கட்டச் சொல்லி ஓர் இலையை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். வேரில் ஏறின உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. அடிமரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல் நோக்கி நிற்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. முகமூடியும் மூச்சுக்குழாயும் பற்றிக் கேட்டீர்களே, மூச்சுக்குழாய் போட்டுக்கொண்டு நிற்கிற மரத்தையே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அந்த வேர்களுக்கு நடுவில் பாருங்கள். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கிற நண்டு, அந்தக் கொடுக்கை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிடுவது போல நிற்கும். பெரிய கொடுக்கு ஆணுக்கு மட்டும்தான். சேற்றின் மேலேயே துடுப்பை ஊன்றி நடந்து, தாவுகிற மீனும் உண்டு. மீன் தண்ணீரில் அல்லவா இருக்கும் என்று உங்கள் சின்னப்பிள்ளை கேட்கும். வாயிலும் செவுளிலும் ஈரம் இருக்கிற வரைக்கும் அது வெளியில் இருக்க முடியும், தோல் வழியாகவும் மூச்சு விடும். இதைப் பார்க்க முகமூடி வேண்டாம், ஐந்து நிமிஷம் அசையாமல் இருந்தால் போதும்.

இந்தக் காட்டில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இதைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடம் தானே வளரும் என்று நினைத்தார்கள். வளரவில்லை. மரம் போனதும் வெயில் பட்டுச் சேறு காய்ந்து தாழ்ந்து, தட்டு மாதிரிக் குழிந்துவிட்டது. அலை ஏறும்போது புகுந்த உப்புத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே வற்றியது. உப்பு ஏறி ஏறி, அலையாத்தியாலேயே தாங்க முடியாத மண்ணாயிற்று. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இதைப் புரிந்துகொண்டு, மீன்முள் மாதிரி நடுவில் ஒரு வாய்க்கால், இருபுறமும் கிளை வாய்க்கால்கள் வெட்டின. அலை உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் உப்பு கழுவிக்கொண்டு போயிற்று. நட்ட கன்று பிழைத்தது. படகிலிருந்து, வரிசை பிடித்தது போல மரங்கள் நேர்கோட்டில் நிற்கிற இடங்களைக் கண்டால், அவை அந்த வாய்க்கால் ஓரங்கள். வாய்க்கால் வெட்டி வயலை வாழவைத்த ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தை உடனே பிடிபடும்.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறது. அந்த மாதங்களிலும் வடகிழக்குப் பருவமழையிலும் வயல்களுக்குப் போய் மிஞ்சின தண்ணீர் லகூனுக்கு வந்து உப்பைக் குறைக்கிறது. கோடையில் உப்பு ஏறும். இறால் குஞ்சு, மீன் குஞ்சு எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கு வைத்துத்தான் உள்ளே வருகின்றன. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நெல்லோடு போவதில்லை, மீனும் போகும். எங்கள் பக்கத்தில் இதை மீனவர்கள் சொல்வார்கள், விவசாயிகள் அதிகம் கேட்டதில்லை.

மதியச் சாப்பாட்டை முத்துப்பேட்டையிலோ அதிராம்பட்டினத்திலோ முடித்துவிடுங்கள். இரண்டு ஊரிலும் மீன் சாப்பாட்டுக்கும் பிரியாணிக்கும் குறைவில்லை.

மூன்றரை வாக்கில் மனோராவுக்குப் போய்ச் சேரலாம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்கு நினைவாக இரண்டாம் சரபோஜி 1814, 1815 வாக்கில் கட்டியது; எட்டு அடுக்குக் கோபுரம். கட்டடத்தைப் பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். நான் உங்களை அங்கே வரச் சொல்வது அதன் முன்னால் இருக்கிற கடலுக்காக. அலையே இல்லாத கடல், ஏரி மாதிரி இருக்கும். பிள்ளைகள் முழங்கால் அளவு வரை இறங்கி விளையாட டெல்டாவில் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார் எல்லாம் திறந்த வங்கக் கடலைப் பார்த்தவை. அங்கே அலைக்கு அடியில் உள்ளிழுப்பு உண்டு. நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கிறது. அங்கே காலை நனைப்பதோடு நிறுத்த வேண்டும். மனோராவிலும் ஒரு கவனம்: காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். சேற்றில் திருக்கை படுத்திருந்தால் அதிர்வு கேட்டு நகர்ந்துவிடும். மிதித்தால்தான் வால் முள்ளால் குத்தும். கண்ணாடிக் குடை போல மிதந்து வருகிற சொறியை, அதாவது ஜெல்லி மீனை, தொட வேண்டாம்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கிற நாடா மாதிரியான பச்சைப் புல்லைக் கையில் எடுங்கள். பாசி இல்லை அது. வேர் விட்டு, பூ பூத்துக் கடலுக்கடியில் வளர்கிற நிஜமான புல். கடற்பசு மேய்வது இதைத்தான். மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். குட்டிக்குப் பால் கொடுக்கும், சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022 செப்டம்பரில் கடற்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல். நீங்கள் நிற்கிற கரைக்கு முன்னால் விரிந்திருப்பது அந்தக் கடல்தான். ஆவுளியா கண்ணில் படும் என்று நம்பி வராதீர்கள். கலங்கல் தண்ணீருக்கு அடியில் ஒரு புல்வெளி இருக்கிறது, அதில் மாடு மாதிரி மேய்கிற ஓர் உயிர் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் மீதியைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். காலையில் நிலத்துப் புல்லில் வெளிமான், சாயங்காலம் கடலுக்கடிப் புல்லில் ஆவுளியா. அதனால்தான் இந்த வட்டத்தை இந்த வரிசையில் போட்டேன்.

முகமூடி ஆசை அவர்களுக்குத் தீரவில்லை என்றால் அதற்குத் தனியாக ஒரு பயணம் வையுங்கள், ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறை அலையாத்திக்குள் படகும் கயாக்கும் விடுகிறது. கடற்புல்லை முகமூடி மாட்டிப் பார்க்கவும் ஏற்பாடு உண்டு. பவளம் பார்க்க மன்னார் வளைகுடாதான். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகள். 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே நினைத்த தீவில் இறங்க முடியாது. வனத்துறை அனுமதித்த படகில், அனுமதித்த இடத்துக்கு மட்டும்தான். அனுமதி வேண்டாம், நான் கூட்டிப்போகிறேன் என்று கரையில் யாராவது சொன்னால் ஏறாதீர்கள். காற்றையும் பாருங்கள்: வாடைக்காற்று அடிக்கிற ஐப்பசி முதல் மார்கழி வரை பாக் விரிகுடா கலங்கும், தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கிற வைகாசி முதல் ஆவணி வரை மன்னார் வளைகுடா கலங்கும். தையிலிருந்து பங்குனிக்குள் போனால் தண்ணீர் தெளிவாக இருக்கும். போவதற்கு முன் தஞ்சாவூரிலேயே நீச்சல் குளத்தில் மூச்சுக்குழாயில் மூச்சு விட்டுப் பழக்குங்கள். கடலில் முதல்தடவை மாட்டினால் பிள்ளைகள் பயந்து எழுந்து நிற்கப் பார்ப்பார்கள். நிற்கிற இடம் பவளமாக இருந்தால் அது நொறுங்கும். 2016-ல் கடல் சூடாகி அங்கே நிறையப் பவளம் வெளுத்துச் செத்தது. மிச்சமிருப்பதை மிதிக்கக் கூடாது.

மாயவரம், சீர்காழிப் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. கோடியக்கரை உங்களுக்குத் தூரம். கொள்ளிடத்துக்கு வடக்கே பிச்சாவரம் இருக்கிறது. சின்னச் சின்னத் திட்டுகளுக்கு நடுவில் வாய்க்கால் வாய்க்காலாகத் துடுப்புப் படகு போகும். முத்துப்பேட்டையைவிட நெருக்கமான காடு, முட்டுவேர் விட்ட சுரபுன்னை நிறைய. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரமும் அங்கே உண்டு; அதன் பால் கண்ணில் பட்டால் எரியும், கிளையை ஒடிக்க வேண்டாம். கொள்ளிடம் கடலில் கலக்கிற இடத்தில் கொடியம்பாளையம் என்ற தீவுக் கிராமமும் இருக்கிறது. அங்கே நிஜமாகவே தீவு, கடற்கரை, அலையாத்தி மூன்றும் ஒரே ஊரில். மான் மட்டும் கிடையாது.

உங்கள் பயணத்துக்கு மார்கழிக் கடைசி முதல் மாசி நடு வரை பொருத்தம். மழை நின்றிருக்கும், பறவை இருக்கும், வெயில் அம்மாவைப் படுத்தாது. தொலைநோக்கி ஒன்றாவது இரவல் வாங்குங்கள். இந்த நாளில் முகமூடியைவிட அது பத்து மடங்கு பயன்படும். மங்கின நிறத்தில் முழுக்கைச் சட்டை, தொப்பி, காட்டுக்குள் கொசுவுக்கு ஏதாவது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். காலிப் பாட்டிலைத் திரும்ப வண்டியில் போடுங்கள். கோடியக்கரைக் காட்டுக்குள் அம்மா அதிகம் நடக்கத் தேவையில்லை, வண்டியிலிருந்தே மான் தெரியும். முத்துப்பேட்டையில் படகில் ஏறி இறங்கும்போது மட்டும் இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டும், படி வழுக்கும். மனோராவில் ஆறு மணிக்குக் கிளம்பினால் பட்டுக்கோட்டையில் காபி குடித்துவிட்டு, எட்டு, எட்டரைக்குள் தஞ்சாவூர் வந்துவிடலாம்.